அரிசி நாளில் அது, பருப்பு நாளில் அவன்

கொளுத்தப் பார்த்தேன் என்றா சொன்னார்கள்? நானா? நன்றாக இருக்கிறது நூர்ஜான். மகள் பிரசவத்துக்கென்று பரங்கிப்பேட்டை போய் நாற்பது நாள் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் வீட்டுப் பூட்டைத் திறக்கிறாய். பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. அதற்குள் மருமகளைக் கொளுத்தப் பார்த்த மாமியார் என்று உன் காதில் போட்டுவிட்டார்களா? பேரனா பேத்தியா என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே?

பேரனா? நல்லது, கண் படாமல் இருக்கட்டும். அப்படியே மதில் ஓரமாக வா. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன். சிம்மில்தான் இருக்கிறது. பொங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

மதில் மேல் இருக்கிற போனைத் தட்டிவிடாதே. மைக் படத்தை அமுக்கி வைத்திருக்கிறேன். வாராவாரம் நான் பேசி அனுப்புவதை எழுதிப் போடுகிறாளே அந்தப் பத்திரிகைக்காரப் பெண், இந்த வாரத்துக்கு இதையே எழுதிக்கொள்ளட்டும். நான் ‘வந்துச்சி’ என்றால் அவள் ‘வந்தது’ என்று போடுகிறாள். படித்தவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம், கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். மற்றவர்கள் பேசினதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் பேசின லட்சணம் ஊருக்குத் தெரியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கார்

அன்றைக்குக் காலையில் பின்கட்டில் உட்கார்ந்து சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்தேன். அருவாமனை முழுக்க ரத்தம், என் கை முழுக்கச் செதில். வாசலில் கார் வந்து நின்ற சத்தம். எழுந்து பார்த்தால் காட்டுமன்னார்கோயில் சம்பந்தியம்மா. கூடவே அவர் தம்பி, ரைஸ்மில் வைத்திருக்கிறாரே, அந்த மீசை மாமா.

அவர்கள் எப்போது வந்தாலும் ஒரு சிப்பம் அரிசி முன்னால் வரும், ஆள் பின்னால் வரும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெறுங்கையோடு பார்த்தேன். உள்ளே வந்தவர்கள் என் கையைப் பார்த்தார்கள். அருவாமனையைப் பார்த்தார்கள்.

“எம் பொண்ணு எங்க?” என்றார் சம்பந்தியம்மா.

“குளிக்குதுங்க. உக்காருங்க சம்பந்தி.”

மீசை மாமா உட்காரவில்லை. “உசுரோடதான் இருக்குதா?” என்றார்.

மனுஷர் மீனைக் கேட்கிறார் என்று நினைத்தேன். ரைஸ்மில்காரருக்கு மீனைப் பற்றி என்ன தெரியும், எடுத்துச் சொல்வோம் என்று, “உசுரோட எங்கங்க கெடைக்குது? செத்து ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும். ஆனா செவுள பாருங்க, செவச்செவன்னு இருக்கு” என்றேன்.

சம்பந்தியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ரேஷன் கடையில நின்னுக்கிட்டு, அத கொளுத்தணும்னு சொன்னீங்களாமே?” மாமாவுக்கு மீசை துடித்தது.

எனக்குப் பாதி புரிந்தது. பாதி புரிவதுதான் எப்போதும் ஆபத்து. “ஐயோ, அதுவா! கொளுத்தணும்னு சொன்னது நான் இல்லீங்க, மாவு விக்கிற பாக்கியம். நான் பாவம்னுதான் சொன்னேன். எத்தினி நாளைக்குத்தான் அது காட்டுல ஒளிஞ்சி கெடக்கும்?”

மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

அவர் எடுத்தபடியே நிற்கட்டும். நான் பாவம் என்று சொன்னது ஒரு பூதத்தை. அந்தப் பூதம் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

தையல் பூதம்

மருமகள் கவிதா சிதம்பரத்தில் காலேஜில் இங்கிலீஷ் நடத்துகிறது. நடத்துகிறாள். பார்த்தாயா, வாய் இன்னும் பழைய தடத்திலேயே ஓடுகிறது. ஏன் சொல்கிறேன் என்று கடைசியில் புரியும்.

காலையில் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள். வந்து முகம் கழுவிக்கொண்டு, நான் காய் அரியும் இடத்தில் உட்கார்ந்து மறுநாள் பாடத்தைத் தமிழில் சொல்லிப் பார்ப்பாள். எனக்குப் புரிந்துவிட்டால் கடைசி பெஞ்சுக்கும் புரிந்துவிடுமாம். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியுமே. பஸ்ஸைக்கூட நிறம் பார்த்துத்தான் ஏறுவேன். ஒரு தடவை சிதம்பரத்துக்கு ஏறி விருத்தாசலத்தில் இறங்கினேன். ஆனால் காது இருக்கிறதே, அது எம்.ஏ. படித்த காது.

அவள் வருஷா வருஷம் நடத்துகிற கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் தேசத்துப் பழைய பேய்க்கதை. ஒரு மெத்தப் படித்த பிள்ளை, பிணங்களிலிருந்து கை கால் எல்லாம் பொறுக்கி வந்து, தைத்து, உயிர் கொடுத்துவிடுகிறான். அது கண்ணைத் திறந்து பார்க்கிறது. இவன் பயந்து ஓடிவிடுகிறான். கதை அவ்வளவுதான். மீதி எல்லாம் அது இவனைத் தேடுவதும், ஊர் அதைத் துரத்துவதும், அது கோபத்தில் கொலை செய்வதும். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லையாம். நான்தான் தையல் பூதம் என்று வைத்தேன்.

கவிதா நடத்த ஆரம்பித்த புதிதில் பிள்ளைகள் எல்லாம் அந்தப் படித்தவன் கட்சியாம். “பாவம் மேம், எவ்ளோ படிச்சவரு, இப்பிடி ஆயிடிச்சே” என்பார்களாம். பூதம் வரும் இடத்தில் பெஞ்சைத் தட்டி ஊளையிடுவார்களாம். நாலைந்து வருஷம் போனதும் வேறு ஒரு கூட்டம் வந்தது. “உண்டாக்கிட்டு ஓடுனான் பாருங்க, அவனத் தூக்கி உள்ள வைக்கணும் மேம்” என்றது. இப்போது வருகிற பிள்ளைகள் பூதத்துக்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், அப்படியே போனையும் பார்த்துக்கொள்கிறார்கள். புத்தகத்தில் ஒரு எழுத்து மாறவில்லை நூர்ஜான். அழுகிறவர்கள்தான் இடம் மாறி மாறி உட்காருகிறார்கள்.

போன வருஷம் ஒரு பெண் எழுந்து கேட்டாளாம்: “படிச்சவனுக்கும் பாவம், பூதத்துக்கும் பாவம். சரி மேம். அது பண்ணுன கொலைக்குப் பழி தன் மேல விழுந்து தூக்குல செத்தாளே, அந்த வேலக்காரப் பொண்ணு, அவளுக்கு யாரு அழுவறது?”

இதை என்னிடம் சொன்னபோது கவிதாவுக்குக் குரல் கம்மியது. நான், “கத்திரிக்காய தண்ணியில போடு, கறுத்துடும்” என்றேன்.

எங்கள் ஊர்க் கூத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். திட்டக்குடி பக்கம் எங்கள் சனம் அரக்கன் வேஷக்காரன் பந்தலுக்குள் வந்தாலே மண்ணை வாரித் தூற்றும். விடிந்து அவன் கிரீடத்தைக் கழற்றி, பல் விளக்க வேப்பங்குச்சி தேடிக்கொண்டு நின்றால், மண் தூற்றின அதே கை அவனுக்கு டீ கொண்டு வந்து கொடுக்கும். ராமுழுக்க நல்லவனாக நின்ற வேஷக்காரன் ஒரு வாய் டீக்குக் காத்துக்கொண்டிருப்பான்.

மெஷின் நம்பாத கட்டைவிரல்

கேட்ட கதையை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. சொல்வதற்கு ரேஷன் கடையை விட்டால் வேறு நல்ல இடம் ஏது? மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வர் வரவில்லை என்பான் கடைக்காரத் தம்பி. அந்த சர்வர் எந்த ஊரிலிருந்து எந்த பஸ்ஸில் வருகிறதோ. போதாததற்கு என் கட்டைவிரல். கைநாட்டு, கைநாட்டு என்று வாழ்நாளெல்லாம் என்னைக் கேலி செய்தார்கள். இப்போது அந்தக் கைநாட்டையும் மெஷின் நம்ப மாட்டேன் என்கிறது. தேய்ந்துவிட்டதாம். ரேகை விழாத அன்றைக்குக் கவிதா வந்து விரல் வைப்பாள்.

அரிசி போட்ட அன்று பூதத்தை ஆரம்பித்தேன். முன்னால் பத்துப் பேர், பின்னால் பத்துப் பேர். எல்லாரும் கை தட்டாத குறை.

“ராப்பகலா கெடந்து, அவனே ஆசப்பட்டுக் கொண்டாந்தான். இப்ப அது மூஞ்சிய பாக்க முடியலன்னு வுட்டுட்டு ஓடிட்டான்” என்றேன்.

“ஓடாம? அது கூட எவன் இருப்பான்?” என்றாள் பாக்கியம்.

“இப்ப அது எங்கடி போவும்? போற எடமெல்லாம் தொரத்துறாங்க.”

“எங்கயும் போவ வேணாம் பெரிம்மா. மண்ணெண்ணெய ஊத்தி அத கொளுத்தணும்!”

“மண்ணெண்ணெய் குடுக்கறததான் நிறுத்திட்டானுவளே” என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, வரிசையே சிரித்தது.

அந்தச் சமயம் பார்த்து வந்து நின்றிருக்கிறாள் அடுத்த தெரு சரோஜா. கதையின் தலை அவளுக்குத் தெரியாது. என் மகன் கவிதாவை ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்தது தெரியும். ஆறு மாசத்துக்கு முன்னால் அவன் மஸ்கட் போனதும் தெரியும். வந்த ஐந்தாவது நிமிஷம் பையைச் சுருட்டிக்கொண்டு, அரிசி வாங்காமலே திரும்பிப் போனாள். ரேஷன் அரிசியை விட்டுவிட்டு ஒருத்தி ஓடுகிறாள் என்றால் நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். அவள் தங்கையைக் கொடுத்திருப்பது எந்த ஊரில்? காட்டுமன்னார்கோயிலில். சம்பந்தியம்மா வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி.

அடுத்த வாரம் பருப்பு வந்தது. அன்றைக்கு, பூதம் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு யாருக்கும் தெரியாமல் விறகு வெட்டிப் போடுகிற இடம். அவர்கள் வீட்டுச் சுவர் ஓட்டை வழியாகப் பார்த்தே பேசக் கற்றுக்கொள்கிறது. கடைசியில் நம்பி உள்ளே போனால் அடித்து விரட்டுகிறார்கள். வரிசை மொத்தமும் மூக்கைச் சிந்தியது.

“ஐயோ பாவம், அவன் என்னா பண்ணுனான் அவுங்கள?” என்று பாக்கியமே கேட்டாள்.

கவனித்தாயா? ஒரே வாரத்தில் அது அவனாகிவிட்டது. அரிசிக்குக் கொளுத்தச் சொன்னவள் பருப்புக்கு அவனுக்குப் பெண் பார்க்கலாமா என்கிறாள். மெஷின் இன்னும் கொஞ்சம் சுற்றியிருந்தால் அவர் என்றே சொல்லியிருப்பாள். அவள் வாயிலிருந்து எனக்கும் தொற்றிக்கொண்டது. அன்றிலிருந்து நானும் கியூவில் அவன் என்றுதான் சொன்னேன்.

தலையில் துண்டோடு

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வா. மாமா போனோடு நிற்கிறார். சம்பந்தியம்மா தரையில். நான் கையில் மீனோடு. குளியலறைக் கதவு திறந்து கவிதா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

“அம்மா? நீ எங்க இங்க?”

சம்பந்தியம்மா பாய்ந்து போய் அவள் கை, கழுத்து, முதுகெல்லாம் தடவிப் பார்த்தார். மாமா விஷயத்தைச் சொன்னார். கவிதா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தாள்.

“கதை மாமா, கதை! நான் காலேஜ்ல நடத்தறது. அத்தைக்குச் சொன்னேன், அவுங்க கியூவுல சொல்லியிருக்காங்க.”

மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். மீன் குழம்பு வைத்துவிடுகிறேன், இருந்து சாப்பிட்டுப் போங்கள் என்றேன். எல்லாம் சரியாகிப் போன மாதிரிதான் இருந்தது.

சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. “கதைதான். சரி. அதுன்னா எங்க பொண்ணுன்னு சரோஜாவுக்கு எப்பிடித் தோணுச்சி?” என்றார்.

கவிதா துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை.

“அவ மேல தப்பு இல்லம்மா. இந்த வூட்ல அதுன்னா நான்தான். அது எழுந்துச்சா, அது சாப்ட்டுச்சா, அது காலேஜ்லேருந்து வந்துச்சா. ஆறு வருஷமா நான் அதுதாம்மா.”

எனக்குச் சுருக்கென்றது. “அது ஆசையில சொல்றதுதானம்மா. பொம்பளப் புள்ளைங்கள நம்ம பக்கம் அப்பிடித்தான சொல்லுவோம்?” என்றேன்.

“ஒங்க பொண்ணு திட்டக்குடியிலேருந்து வந்தா என்னா சொல்லுவீங்க அத்த? ‘அவ வந்துட்டா’ன்னு தெருக்கோடி வரைக்கும் கேக்கும்.”

நான் என் வாய்க்குள்ளேயே தேடிப் பார்த்தேன் நூர்ஜான். ஆறு வருஷத்தில் ஒரு தடவையாவது அவளை ‘அவ’ என்று சொல்லியிருக்கிறேனா? கிடைக்கவில்லை. நல்லபடியாகத்தான் வைத்திருந்தேன். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பேன், மிளகு ரசம் வைப்பேன். அப்போதும், “அதுக்குக் காய்ச்சல்” என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

“பத்து நாள் வந்து இருந்துட்டுப் போ” என்றார் சம்பந்தியம்மா. காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது. திருத்த வேண்டிய பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டாள். நான்கு புடவை எடுத்துக்கொண்டாள். போகும்போது, “மாத்திரைய மறக்காதீங்க அத்த” என்றாள். கோபமாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. திரும்பி வந்துவிடுவாள் என்று நம்பலாம். மாத்திரை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறவள் திரும்பி வருவாளா?

குழம்பை நான் மட்டும் சாப்பிட்டேன். மூன்று நாள் சாப்பிட்டேன்.

எண்ணெய் நாள்

பத்து நாள் பதினெட்டாயிற்று. பாமாயில் வந்தது. கேனை எடுத்துக்கொண்டு போனேன். என் பாவத்துக்கு அன்றைக்கும் சர்வர் வரவில்லை.

“பெரிம்மா, கடைசியில அவனுக்கு என்னா ஆச்சி? செத்துட்டானா? ஒருத்தராவது சேத்துக்கிட்டாங்களா?” பாக்கியத்துக்கு மாவு அரைக்கும்போதெல்லாம் அவன் ஞாபகமாம்.

“கடைசிப் பாட்டு இன்னும் நான் கேக்கல. கவிதா ஊருக்குப் போயிருக்கு” என்றேன்.

“கேள்விப்பட்டோம், கேள்விப்பட்டோம். போவட்டும் வுடுங்க. அதுக்கு வாய் ஜாஸ்தி. நாலு எழுத்து படிச்சிட்டா தலைக்கு மேல கொம்பு. நீங்களா போயி அத கூப்புடாதீங்க. கெடக்கட்டும். ஏன் பெரிம்மா, அவன் பனியிலயே அலைஞ்சான்னீங்களே, குளுருக்குப் போத்திக்கவாவது எதனா வச்சிருந்தானா?”

ஒரே மூச்சில் சொன்னாள் நூர்ஜான். வெள்ளைக்காரர் தேசத்துப் பனியில் அலைகிற பிணத்துக்குப் போர்வை தேடுகிறாள். தினமும் இவள் கடையில் மாவு வாங்குகிறவள் கொம்பு முளைத்த ஜந்து. வரிசை முழுக்க, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. கேலியாகச் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. இவர்களுக்கு இந்தப் பேச்சைப் பழக்கினது யார்? அந்தப் பூதத்தைத் தைத்தவன் ஓடியாவது போனான். நான் வாசலிலேயே உட்கார்ந்து ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

என் முறை வந்தது. கட்டைவிரலை வைத்தேன். எண்ணெய் தடவி வைத்தேன், துடைத்து வைத்தேன். மெஷின் சிவப்பு காட்டியது.

“கார்டுல வேற யாரும்மா இருக்காங்க?” என்றான் கடைக்காரத் தம்பி.

“எம் மருமவ.”

“வர சொல்லுங்களேன்.”

“அது...” என்றேன். பின்னால் இருபது பேர் என் வாயையே பார்க்கிற மாதிரி இருந்தது. காலி கேனோடு வீட்டுக்கு வந்தேன்.

போனில் கவிதாவுக்கு ரோஜாப்பூப் படம் வைத்துக் கொடுத்திருக்கிறான் மகன். அமுக்கினேன். சம்பந்தியம்மா எடுத்தார்.

“கவிதா இருக்கு...” என்று கிளம்பிய வாயைப் பிடித்து இழுத்து, “இருக்காளா?” என்றேன்.

“இருக்காளான்னா கேட்டீங்க?” என்றார் சம்பந்தியம்மா. பிறகு, “இருக்கா. தோ, குடுக்கறேன்” என்றார்.

“சொல்லுங்க அத்த. மாத்திர போட்டீங்களா?”

“போட்டேன். கடைசியில அவனுக்கு என்னா ஆச்சின்னு கியூவுல கேக்கறாங்க.”

“அதெல்லாம் போன்ல சொல்ற கதை இல்ல அத்த.”

“அப்ப வந்து சொல்லு.”

“வந்தா, தெருவுல யாரு வந்திருக்கான்னு சொல்லுவீங்க?”

எழுத்து தெரியாதவளுக்குப் பரீட்சை வைத்தால் எப்படி இருக்கும்? “தெரிஞ்சதத்தான் சொல்லுவேன்” என்று என்னவோ உளறினேன்.

அவள் சிரித்தாளா, மூச்சு விட்டாளா, தெரியவில்லை. “வெள்ளிக்கிழம காலேஜ் முடிஞ்சி பஸ்ஸா ரயிலான்னு பாக்கறேன்” என்றாள். பஸ் என்றால் அம்மா வீடு. ரயில் என்றால் இங்கே.

இன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை. அதனால்தான் இவ்வளவு பால். அதனால்தான் காலையிலிருந்து அம்மி, உலக்கை எல்லாவற்றிடமும், அவ வருவா, அவ வருவா என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். ரயில் போய்ப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. நீ கேட்டாயா?

இரு. தெருமுனையில் ஆட்டோ சத்தம். எனக்கு மதில் மறைக்கிறது, நீ எட்டிப் பார். யார் இறங்குவது? தோளில் பையா? கையில் பேப்பர் கட்டா? பாக்கியம் கடை வாசலில் நிற்கிறாளா? நிற்கட்டும், அவளுக்கும் சேர்த்துத்தான்.

“அவ வந்துட்டா! எம் மருமவ, அவ வந்துட்டா!”

என்ன இது, தீய்ந்த வாடை? ஐயையோ, அது பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. அணைத்துவிட்டு வருகிறேன், விடு.

பாலைச் சொன்னேன் நூர்ஜான், பாலை.